ஆடி வரைக்கும் கவிச்சி இல்லை

எங்க குப்பத்துல வச்சலாவ 'கண்ணவிச்சவ'ன்னு சொல்றாங்க. என் காதுல வுழற மாதிரி எவளாச்சும் சொன்னா நான் சும்மா வுடமாட்டேன், வெளக்குமாத்த எடுத்துடுவேன். அவளுங்களுக்கு இன்னா தெரியும் வச்சலாவப் பத்தி? அவ என் தம்பி கங்காதரன் பொண்டாட்டி. நான் ஜெகதாம்பா, அவளுக்கு நாத்தனாரு. நாத்தனாருன்னா நாக்குல வெசத்த வெச்சிகினு திரிவான்னு ஒரு பேச்சு உண்டு. அது எனக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல. இவ விசயத்துல எனக்கு நெஞ்சு எரியுது, அத்தொட்டுதான் சொல்றேன்.

மாபலிபுரத்துக்கு வடக்க, சவுக்குத் தோப்பத் தாண்டுனா எங்க குப்பம். வச்சலா கோவளத்துலேர்ந்து வாக்கப்பட்டு வந்தவ. வந்த புதுசுல அவ சிரிச்சா நாலு வூடு தள்ளிக் கேக்கும். கூடையத் தூக்கிகினு பஸ்ஸு புடிச்சி கழுக்குன்றம் போவா. மீன் நாறுதுன்னு கண்டக்டரு மூஞ்சச் சுளிச்சா, "ஏன் அண்ணாத்த, உன் வூட்டுச் சட்டியில கொதிக்கசொல்ல மட்டும் மணக்குதா"ன்னு கேப்பா. பஸ்ஸே சிரிக்கும், அந்த மனுசனும் சிரிச்சிடுவாரு. எந்தத் தெருவுல எந்தப் பொண்ணு புள்ள பெத்திருக்குன்னு அவளுக்கு அத்துப்படி. பால் ஊறட்டும்னு அந்த வூட்டுக்குப் பால் சொறாவ ஒதுக்கி வெச்சிடுவா. வேற யாரு கேட்டாலும் குடுக்கமாட்டா. எதத் தின்னா ஒடம்புக்கு இன்னா ஆவும்னு தெரியாதவ இல்ல அவ.

மூத்தது பையன், கன்னியப்பன். நல்லா வளந்துகினு வந்த புள்ளைக்கு மணல்வாரி அம்மா வந்துச்சி. டவுன்ல தட்டம்மைன்றாங்களே, அதான். எங்க பக்கம் வூட்ல அம்மா வந்துட்டா வாசல்ல வேப்பல சொருவிடுவோம். வெளியாளு உள்ள வரக்கூடாது, தாளிக்கக்கூடாது, மருந்து மாத்திர கூடாது. எல்லாத்துக்கும் மேல கவிச்சி ஆவாது. மீனு, கறி, முட்ட எதுவும் வூட்டுக்குள்ள நொழையக்கூடாது, வாசனகூட அடிக்கக்கூடாது. ஊருக்குள்ள நெலம் வெச்சிகினு பொழைக்கிறவனுக்கு அது சுளுவு. எங்களுக்கு? கட்டியிருக்கற துணியில மீன் வாசன, கூரை ஓலையில மீன் வாசன. நாங்க எங்க போயி கழுவறது?

ரெண்டு நாளு அவன் ஒழுங்காத்தான் வெளிய படுத்துகினான், என் தம்பி. மூணாம் நாளு கடல்லேர்ந்து வந்தவன், புள்ள 'நைனா'ன்னு அழுவற சத்தம் கேட்டு அப்படியே உள்ள பூட்டான். குளிக்கல, ஒடம்பெல்லாம் மீன் செதிலு. புள்ளையத் தூக்கி மார்ல போட்டுகினான். பெத்தவன் வேற இன்னா பண்ணுவான். மறுநாளு பையனுக்கு மூச்சு எளைச்சிது, பொழுது சாயறதுக்குள்ள பூட்டான்.

ஊரு வாயி சும்மா இருக்குமா? கவிச்சி பட்டுடுச்சி, அம்மா கோச்சிக்கினான்னு சொன்னாங்க. தூக்குனவன் ஆம்பள, அவன ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. புருசன அந்தக் கோலத்துல உள்ள வுட்டவ இவதானேன்னு பழி மொத்தமும் வச்சலா தலைல வந்து வுழுந்துச்சி. அவளும் அத அப்படியே வாங்கிக்கினா. அன்னிக்கு நின்னதுதான் அந்தச் சிரிப்பு.

அப்பால பொறந்தவ தேசம்மா. பொண்ணு கொழுகொழுன்னு இருந்துச்சி, எந்நேரமும் கடலப் பாத்துகினே குந்தியிருக்கும். தூரத்துல கட்டுமரம் புள்ளி மாதிரி தெரியசொல்லவே 'நைனா வருது'ன்னு சொல்லிடும். நாங்க கண்ணு மேல கைய வெச்சிப் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரத்துல பாத்தா நெசமாவே அவன்தான் வருவான்.

பெரியம்மை நாட்டுல ஒழிஞ்சிடுச்சின்னு ரேடியோவுல சொன்னாங்களே, அந்த வருசம் பங்குனில தேசம்மாவுக்கு மணல்வாரி வந்துச்சி. புள்ளைக்கு மூணு வயசு. வச்சலா மொகம் வெளிறிப் போச்சி. நேரா கோயிலுக்கு ஓடுனா. ஆத்தா எதிர்ல நின்னு, 'இந்த ஒண்ண எனக்கு வுட்டுடு தாயே. ஆடி மாசம் கூழு ஊத்தற வரைக்கும் என் வூட்டு வாசப்படிய கவிச்சி தாண்டாது'ன்னு வேண்டிக்கினா. எல்லாரும் தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும்தான் இருப்பாங்க. இவ நாலு மாசத்துக்கு வேண்டிக்கினா. ஒரு தபா தோத்தவ இல்லயா.

சொன்னா சொன்னபடி செஞ்சா. மீன் கூடையக் கவுத்து வெச்சிட்டா. சவுக்குத் தோப்புல அடுப்பெரிக்கற மிலாறு பொறுக்கி வித்தா, அது கெடைக்காத நாளுல கோவளத்து உப்பளத்துல கூலிக்குப் போனா. கங்காதரனக் கரையிலயே சாப்ட்டு கரையிலயே படுத்துக்கச் சொல்லிட்டா. அவனும் வாயத் தொறக்காம படகாண்ட படுத்துக்கினான். தேசம்மாவுக்கு அம்மா எறங்கிடுச்சி, தலைக்குத் தண்ணியும் ஊத்துனாங்க. புள்ள எழுந்து நடந்துச்சி. வச்சலா என் கையப் புடிச்சிகினு, "அண்ணி, ஆத்தா கேட்டுகினா"ன்னு சொன்னா. அந்த மொகத்த நான் இன்னும் மறக்கல.

ஆனா புள்ளைக்கு சோறுன்னு இன்னா குடுத்தா? காலைல கேவுறு கூழு, மத்தியானம் நொய்க் கஞ்சி, ராவுலயும் அதே கஞ்சி. மீனு இல்ல, முட்ட இல்ல. முருங்கக் கீரை அம்மா வந்த ஒடம்புக்கு சூடுன்னு அதையும் வுட்டுட்டா. பாலுக்கு எங்க போறது, எங்க குப்பத்துல ஏது மாடு? கூழு வவுத்த ரொப்பிச்சி, அவ்ளோதான். புள்ள எளைச்சிகினே வந்துச்சி, தோலு வறண்டு சொரசொரன்னு ஆச்சி. அம்மா வந்து எழுந்த ஒடம்பு, தேறிடும்னு நாங்க எல்லாரும் சொல்லிக்கினோம்.

அந்தச் சமயத்துலதான் நர்சு சந்திரம்மா வந்தாங்க. சர்க்கார் நர்சு. செருப்பக் கையில புடிச்சிகினு மணல்ல நடந்து வருவாங்க. அம்மா வந்து எழுந்த புள்ளைங்க எந்தெந்த வூட்ல கீதுன்னு கேட்டுகினே வந்து வச்சலா வாசல்ல நின்னாங்க. பையிலேர்ந்து ஒரு பாட்டில எடுத்தாங்க.

"கொழந்தைய இட்டாம்மா. ஒரு ஸ்பூன் குடுத்துட்டுப் போறேன். மணல்வாரி வந்த புள்ளைக்குக் கண்ணு கெடும், இது கண்ணக் காப்பாத்தும்."

வச்சலா பாட்டில வாங்கி மூடியத் தொறந்து மோந்தா. மீன்காரி மூக்கு அது.

"இது சொறா ஈரலு" அப்படின்னா.

"சொறா எண்ணதாம்மா. ஆனா மருந்து."

"மருந்தா இருந்தாலும் கவிச்சி கவிச்சிதான் நர்சம்மா. ஆடிக்கப்பால வாங்க. நீங்க இன்னா குடுத்தாலும் ஊத்தறேன். இப்ப வோணாம்."

சந்திரம்மா எவ்ளோவோ சொன்னாங்க. வச்சலா மரியாதையாத்தான் பதில் சொன்னா, வெயில்ல வந்தவங்களுக்கு குடிக்கத் தண்ணி குடுத்துதான் அனுப்புனா. பாட்டிலு மட்டும் வாசப்படி தாண்டல. திரும்பிப் போவசொல்ல சந்திரம்மா என்கிட்ட, "வேற எண்ணன்னு பொய் சொல்லலாம்னுதான் பாத்தேன் ஜெகதாம்பா. அந்த மூக்குகிட்ட எந்தப் பொய் செல்லும்"னு சொல்லிட்டுப் போனாங்க.

வைகாசி முடியசொல்ல நான் ஒண்ணு கவனிச்சேன். பொழுது சாஞ்சா தேசம்மா ஒரு மூலையில குந்திக்கும். மத்த புள்ளைங்க மணல்ல ஓடிகினு இருக்கும், இது எழுந்திருக்காது. கஞ்சிக் கிண்ணத்த முன்னாடி வெச்சா கையால தடவும். "இன்னாடி நடிக்கிற"ன்னு வச்சலா செல்லமா ஒரு தட்டு தட்டுவா. ஒரு நாளு சாயங்காலம் நான் முறுக்கு எடுத்துகினு போயி, "இந்தாடி"ன்னு நீட்டுனேன். அது என் கொரல் வந்த பக்கம் திரும்பி, வெறுங்காத்துல கைய வீசுது. முறுக்க அது கையில திணிச்சிட்டு நேரா அவகிட்ட போனேன்.

"வச்சலா, இதுக்கு மாலக்கண்ணுடி" அப்படின்னேன். "ஈரலச் சுட்டுக் குடு. ஆட்டு ஈரலோ மீன் ஈரலோ, எதுவா இருந்தா இன்னா. எங்க மாமனாருக்கு மாலக்கண்ணு அதுலதான் சரியாப் போச்சி."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சிகினா இப்படி குந்தியிருக்க?"

"பகல்ல நல்லாத்தானே பாக்குது. ஆடிக்கு இன்னும் கொஞ்ச நாளுதான். கூழு ஊத்துன அன்னிக்கே ஈரலு குடுத்துடறேன்."

"ஆடி வரைக்கும் கண்ணு காத்துகினு குந்தியிருக்குமாடி?"

அவ என்ன ஏறெடுத்துப் பாத்தா. "மூத்தவன் போனப்ப எல்லாரும் இன்னா சொன்னீங்க அண்ணி?" அப்படின்னு கேட்டா. கோவமா கேக்கல. ஒரு புள்ளையக் கவிச்சில தொலைச்சிட்டேன்னு ஊரே அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு, இப்ப அதே கவிச்சியக் குடுன்னா எந்தத் தாயிக்கு மனசு வரும்? நான் கத்துனேன், மூணு நாளு அவகூட பேசல. அவ மனசு மாறல.

ஆனி கடைசில புள்ளைக்கு வவுத்தால போச்சி. அது நின்னதும் கண்ணு ரெண்டும் செவந்து, வெளிச்சம் பட்டா வீல்னு அழுதுச்சி. வெயிலுக்கு எல்லாப் புள்ளைக்கும் வர்ற கண் நோவுன்னுதான் நெனச்சோம். பக்கத்து வூட்டுலேர்ந்து தாய்ப்பால் வாங்கி கண்ணுல வுட்டோம், நந்தியாவட்டப் பூ வெச்சிக் கட்டுனோம். புள்ள கண்ணத் தொறக்கவே இல்ல, அவ மடியில மொகத்தப் பொதச்சிகினே கெடந்துச்சி. 'இன்னும் நாலு நாளு, இன்னும் நாலு நாளு'ன்னு வச்சலா அது முதுவத் தடவிக்கினே இருந்தா.

ஆடியில எங்க குப்பத்துக் கூழு. வச்சலா மஞ்சத் துணி கட்டிகினு, தலைல கொடம் சொமந்து, கோயில்ல கூழு ஊத்துனா. ஊத்துன கையோட வூட்டுக்கு ஓடி வந்தா. கங்காதரன் கரையில தயாரா ஈரலு வெச்சிருந்தான், அத வாங்கி மஞ்சாத்தூளு உப்பு போட்டு வேக வெச்சா. "எழுந்துருடி கண்ணு, அம்மா மீனு செஞ்சிருக்கேன், கண்ணத் தொற"ன்னு கெஞ்சினா. புள்ள தொறக்கல. அவளே மெல்ல ரெப்பைய வெலக்குனா. நான் பக்கத்துலதான் நின்னேன். கொழம்புல வெந்த மீனு கண்ணு வெள்ளையா ஆவுமே, அப்படி இருந்துச்சி.

அப்பவே பஸ்ஸு புடிச்சி செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரு சின்ன வயசு. லைட்டு அடிச்சிப் பாத்தாரு, ரொம்ப நேரம் பாத்தாரு. ஒரு கண்ணு கரைஞ்சி பூடுச்சி, இன்னொண்ணுல முழுசா பூ வுழுந்துடுச்சின்னு சொன்னாரு. அப்பால, புள்ள இன்னா சாப்பிடும்னு கேட்டாரு.

"கூழு சார். கஞ்சி."

"வேற?"

"வேற ஒண்ணியும் இல்ல சார்."

"நீங்க இன்னா தொழிலு?"

"மீன் விக்கிறோம்" அப்படின்னா.

அந்த டாக்டரு பேனாவக் கீழ வெச்சிட்டாரு. திட்டத்தான் வாயெடுத்தாரு, அவ மொகத்தப் பாத்துட்டு அடக்கிக்கினாரு. சாப்பாட்டுல ஒரு சத்து இல்லன்னா கண்ணு இப்படி ஆவும், மணல்வாரி வந்தா உள்ள இருக்கற கொஞ்ச நஞ்ச சத்தும் பூடும், அந்த நேரத்துல மீனு, கீரை, ஈரலு குடுத்தே ஆவணும்னு மெதுவா சொன்னாரு. ஒரு மாசம் முந்தி வந்திருந்தா நாலு ஸ்பூன் எண்ணையில சரியாப் போயிருக்கும்னாரு. அங்க இருந்த நர்சு பாட்டில எடுத்துகினு வந்து புள்ள வாயில ஊத்துனாங்க. உசுருக்காவது ஆவட்டும்னு. அந்த வாசன வந்ததும் வச்சலா என்னத் திரும்பிப் பாத்தா. அதே எண்ண.

எங்க ஆளுங்க சொறா புடிச்சா ஈரலக் கரையில உருக்கி அந்த எண்ணையப் படகுக்குப் பூசுவாங்க. உப்புத் தண்ணியில பலக உளுத்துப் போவாம இருக்கறதுக்கு. அந்த வருசமும் பூசினாங்க, எங்க வூட்டுக்கு எதிர்லயே சட்டி சட்டியா காய்ச்சினாங்க. மரத்துக்கு ஊத்துனோம், புள்ளைக்கு ஊத்தல. இத நெனச்சா எனக்கு யார் மேல கோவப்படறதுன்னே தெரியல.

குப்பத்துக்குத் திரும்பி வந்தா ஊரு வேற பாட்டு பாடுச்சி. ஆத்தா உசுர வுட்டுட்டு கண்ண எடுத்துக்கினா, அதுவே பெருசுன்னாங்க. கோயில்ல வெள்ளியில கண்மலரு செஞ்சி போடு, மனசு ஆறும்னு குப்பத்துத் தலைவரு நாட்டாரே வந்து சொன்னாரு. நானும் அதுவே நல்லதுன்னுதான் நெனச்சேன். சாமி மேல போட்டுட்டா அவ பாரம் கொஞ்சம் கொறையுமே.

வச்சலா எழுந்து நின்னா. "ஆத்தா எங்கிட்ட கண்ணக் கேக்கல. நர்சம்மா எடுத்துகினு வந்தாங்க, நாந்தான் வோணாம்னேன். ஆத்தா மேல பழி போடாதீங்க" அப்படின்னா. அத்தினி பேருக்கு முன்னால சொன்னா. அன்னிக்கு அவ வாயால சொன்னதப் புடிச்சிகினுதான் இன்னிக்கு வரைக்கும் கண்ணவிச்சவன்றாங்க. சாமி பேரச் சொல்லியிருந்தா ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டாங்க.

மறுபடியும் கூடையத் தூக்குனா. தேசம்மாவ இடுப்புல வெச்சிகினே கழுக்குன்றம் போவா. தெனமும் அதுக்கு மீனு, ஈரலு, கீரை. எதுக்கு இதெல்லாம்னு புள்ளைகிட்ட சொன்னதில்ல. எந்த வூட்ல அம்மா வந்தாலும் சந்திரம்மாவக் கூட்டிகினு போயி நிப்பா. கதவச் சாத்துவாங்க. ஒருத்தி சாணித் தண்ணி ஊத்துனா. தொடச்சிகினு மறுநாளும் போனா.

ரெண்டு வருசம் போயி எங்க வூட்லயே வந்துச்சி. என் கடைசிப் பொண்ணு பச்சையம்மா, அதுக்கு மணல்வாரி. வேப்பல சொருவுனேன். மறுநாளே வச்சலா ஒரு சொம்போட வாசல்ல வந்து நின்னா. ஈரல மசிச்சிப் போட்ட ரசம். இன்னொரு கையில தேசம்மா.

என் வூட்டுக்காரரு செங்கல்வராயன் வாசல மறிச்சிகினாரு. "அம்மா உள்ள கீறா. இவ கையில இன்னா கீதுன்னு இங்கயே அடிக்குது. அனுப்பு ஜெகதாம்பா" அப்படின்னாரு.

வச்சலா அவரப் பாக்கல. "அண்ணி, வுடுவியா மாட்டியா" அப்படின்னா.

எனக்கும் ஒதறல்தான், இல்லன்னு சொல்லமாட்டேன். கன்னியப்பன் மூச்சு எளைச்சது கண்ணு முன்னாடி வந்துச்சி. ஆனா தேசம்மா அங்க நின்னுகினு கீதே, அத எப்படித் தள்ளுவேன்? "ஆத்தா கோச்சிக்கினா என் மேல கோச்சிக்கட்டும், நவுரு"ன்னு அவரத் தள்ளிட்டு வச்சலாவ உள்ள இஸ்தேன். பச்சையம்மா தோ இன்னிக்கு மணல்ல ஓடிகினு கீது.

வச்சலா பச்சையம்மாவ மடியில போட்டுகினு ஸ்பூனால கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுனா. தேசம்மா கதவுக் கட்டையப் புடிச்சிகினு நின்னுச்சி.

"அம்மா, அதுக்கு இன்னா குடுக்கற?"

"ஈரலு ரசம்."

"எதுக்கு?"

வச்சலா ஸ்பூனால ரசத்தக் கலக்குனா. "கண்ணு நல்லா தெரியறதுக்கு" அப்படின்னா.

"எனக்கும் அதான தெனம் குடுக்கற. எனக்கு எப்பம்மா தெரியும்?"

என் வூட்டுக்காரரு தலையத் திருப்பிகினாரு. ஊருக்கே உண்மையச் சொன்னவ, புள்ளைகிட்ட மட்டும் பொய் சொல்லுவாளா?

"உனக்கு அம்மா வந்தப்ப நான் குடுக்கலடி கண்ணு. அப்பவே குடுத்திருக்கணும்."

தேசம்மா கதவுக் கட்டைய வுட்டுச்சி. அப்பால செவுத்தத் தடவிக்கினே வந்து, அவ தோளக் கண்டுபுடிச்சி, அது மேல சாஞ்சிகினு, "அப்ப அதுக்கு சீக்கிரம் குடும்மா, ஆறிடப் போவுது" அப்படின்னுச்சி.

வச்சலாவால ஸ்பூனப் புடிக்க முடியல. நான் வாங்கி ஊட்டுனேன்.